உறைக்கு அடியில் இருக்கிற கம்பி

காரின் பின் இருக்கையைக் கழற்றி, அளவெடுத்து, உறை தைத்து, திரும்ப மாட்டிக் கொடுப்பது என் தொழில். உத்தமபாளையத்தில் இருந்துகொண்டு சின்னமனூர் முதல் கூடலூர் வரை ஓடும் வண்டிகளுக்கு இந்த வேலையைச் செய்கிறவன், அந்தப் பின் இருக்கைகளை வண்டிக்காரர்களைவிட நன்றாக அறிவான். முதுகு சாய்கிற மெத்தையும் உட்காருகிற மெத்தையும் சேரும் இடுக்கில் கையை விட்டால், அண்மை ஆண்டுகளில் வந்த பல கார்களில் ஒரு சிறு இரும்புக் கம்பி விரலில் தட்டும். 6 மில்லிமீட்டர் தடிமன். ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்குள் அப்படி இரண்டு கம்பிகள். ஒன்றின் நடுவுக்கும் மற்றதன் நடுவுக்கும் இடைவெளி 280 மில்லிமீட்டர். குழந்தை சீட்டைப் பூட்டுவதற்கென்றே வைத்த அந்தக் கம்பிகளுக்கு ஐசோஃபிக்ஸ் என்று பெயர். அவை இருப்பது தெரியாமலே வண்டியை வாங்கி, பல ஆண்டு ஓட்டி, விற்றும் விடுகிறவர்கள் நிறையப் பேர். தெரியாமல் போவதற்கு எங்கள் தொழிலும் ஒரு காரணம், ஏனென்றால் நாங்கள் இழுத்து மாட்டும் உறை அந்தக் கம்பியை மூடிவிடுகிறது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: குழந்தை சீட்டின் காப்பு, அது வண்டியோடு சேரும் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைத் தொடுகிற ஒவ்வொரு கைக்கும், பெற்றோர் கையானாலும் தைக்கிறவன் கையானாலும் பழைய வண்டி விற்கும் தரகர் கையானாலும், அதில் பொறுப்பு உண்டு.

இதைப் புரிந்துகொள்ளப் புதிய படிப்பு எதுவும் வேண்டியதில்லை. தூளி கட்டத் தெரிந்த ஊர் இது. சேலை பட்டா பருத்தியா என்று பார்த்து யாரும் தூளி கட்டுவதில்லை. மேலே உத்தரம் தாங்குமா, கொக்கி தேயாமல் இருக்கிறதா, முடிச்சு இறுகியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். பிள்ளையைப் போடுமுன் வீட்டில் ஒருவர் சேலையைப் பிடித்துத் தன் எடையால் தொங்கி இழுத்துப் பார்ப்பார். அந்த இழுப்பில் நிற்காத தூளியில் எந்தத் தாயும் பிள்ளையைக் கிடத்த மாட்டாள். அதே தாய் காரில் ஏறும்போது அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. கார் இரும்பால் ஆனது, கதவு சாத்தியிருக்கிறது, பிள்ளை மடியில் இருக்கிறது என்பதே போதுமென்று தோன்றுகிறது. குழந்தை சீட் வாங்கிய வீடுகளிலும் பல சமயம் அது மெத்தைமேல் சும்மா உட்கார வைத்த நாற்காலியாகவே இருக்கிறது. பெல்ட் அதன் உடம்பில் சரியான வழியில் போகவில்லை, கொக்கி எதிலும் மாட்டவில்லை. முடிச்சுப் போடாத தூளி அது. வண்டி நேராகப் போகும்வரை அந்தக் குறை தெரியாது.

மடிதான் குழந்தைக்குப் பாதுகாப்பான இடம் என்ற நம்பிக்கையிலிருந்தே தொடங்க வேண்டும். அது அன்பிலிருந்து வருவது. அதை மறுப்பதற்குக் கணக்குத்தான் துணை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 14 மீட்டர். எதிரே எதிலாவது மோதி வண்டி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி நின்றாலும் உள்ளே இருப்பவர்கள் அந்த 50 கிலோமீட்டர் வேகத்திலேயே முன்னே போய்க்கொண்டிருப்பார்கள். அவர்களையும் அதே நேரத்துக்குள் எதுவோ ஒன்று பிடித்து நிறுத்த வேண்டும். 12 கிலோ எடையுள்ள பிள்ளையை அப்படி நிறுத்த, ஏறத்தாழ 170 கிலோ எடையைத் தாங்கும் பலம் தேவை. மூன்று சிமெண்டு மூட்டைக்கும் மேல் என்று சொன்னால் இங்கே எல்லோருக்கும் விளங்கும். அதுவும் எதிர்பார்த்திராத கணத்தில், கண் இமைக்கும் நேரத்துக்குள். எந்தத் தாயின் கைக்கும் அந்தப் பலம் இல்லை. தாயும் பெல்ட் போடாமல் இருந்தால் அவள் உடம்பே முன்னே வந்து பிள்ளையை முன் இருக்கையின் முதுகோடு வைத்து நசுக்கும். ஒரே பெல்ட்டை இருவரையும் சேர்த்துப் போட்டால், பெல்ட்டுக்கும் தாய்க்கும் நடுவில் பிள்ளை சிக்கும். இன்னொரு விதமாகவும் இதைச் சொல்லலாம். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, நன்கு வளர்ந்த ஒரு தென்னையின் உச்சியிலிருந்து, விழுவதற்குச் சமம். அந்த உயரத்திலிருந்து பிள்ளையோடு விழுந்தால் கையால் காப்பாற்றிவிடலாம் என்று யாரும் எண்ண மாட்டோம்.

மடி பற்றிய நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் குழந்தை சீட்டைக் கட்டாயமாக்கிய முதல் மாநிலம் டென்னசி. 1977இல் சட்டம் நிறைவேறி 1978 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர் விடாமல் முயன்று கொண்டுவந்த சட்டம் அது. ஆனால், பெரியவர் ஒருவர் கையில் பிடித்திருந்தால் போதும் என்று ஒரு விலக்கையும் அதில் சேர்த்துவிட்டார்கள். குழந்தையை நசுக்கும் விலக்கு என்று அதை எதிர்த்தவர்கள் பெயர் வைத்தார்கள். கையில் இருந்த பிள்ளைகள் சாகிறார்கள் என்பதைக் காட்டி வாதாடிய பிறகு, 1981இல் அந்த விலக்கு நீங்கியது. அந்த நாட்டின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு தரும் கணக்கின்படி, கார்களில் குழந்தை சீட்டைப் பயன்படுத்துவது ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் உயிரிழப்பை 71 சதவீதமும், 1 முதல் 4 வயதுவரை உள்ளவர்களுக்கு 54 சதவீதமும் குறைக்கிறது. தாய்மார்களின் அன்பில் அங்கும் இங்கும் வேறுபாடு இல்லை. கை செய்ய முடியாததைச் செய்ய ஒரு பொருளைக் கண்டுபிடித்து, அதைக் கட்டாயமாக்கினார்கள். வேறுபாடு அவ்வளவுதான்.

அந்தப் பொருள் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்பது தெரிந்தால், மாட்டும் முறையில் உள்ள கண்டிப்பும் புரியும். பிறந்த குழந்தையின் நீளத்தில் தலை மட்டும் நான்கில் ஒரு பங்கு. வளர்ந்தவர்களுக்கு ஏழில் ஒன்று அல்லது எட்டில் ஒன்று. அந்தப் பெரிய தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் இன்னும் முழு எலும்பாக ஆகாமல், குருத்தெலும்பால் சேர்ந்த துண்டுகளாக இருக்கும். முன்னோக்கி உட்கார்ந்த சிசுவின் உடம்பைப் பெல்ட் பிடித்து நிறுத்தினாலும் தலை முன்னே பாயும், அந்த இழுப்பு முழுவதும் கழுத்தில் விழும். அதனால்தான் சிறு குழந்தையைப் பின்னோக்கி உட்கார வைக்கச் சொல்கிறார்கள். மோதும்போது சீட்டின் ஓடு தலை, கழுத்து, முதுகு மூன்றையும் ஒன்றாக ஏந்திக்கொள்ளும். 1960களில் ஸ்வீடனின் பெர்டில் ஆல்ட்மன் இந்த யோசனையைக் கொண்டுவந்தார். விண்வெளி வீரர்கள் ராக்கெட்டின் உந்துவிசையை முதுகால் வாங்கிக்கொள்ளும்படி சாய்ந்து படுத்திருப்பதே அவருக்கு முன்மாதிரி. ஐரோப்பாவில் 2013இல் வந்த ஐ-சைஸ் விதி குறைந்தது 15 மாதம்வரை பின்னோக்கித்தான் உட்கார வேண்டும் என்கிறது. சற்று வளர்ந்த பிள்ளைக்கு வேறு சிக்கல். பெரியவர்களுக்கான பெல்ட் இடுப்பெலும்பின் முன் விளிம்பில் பிடித்து நிற்க வேண்டும். அந்த விளிம்பு சிறு பிள்ளைகளுக்கு இன்னும் எழும்பியிருக்காது. மோதும்போது பெல்ட் நழுவி வயிற்றில் ஏறி, ஈரலையும் குடலையும் அழுத்தும். தோள் பட்டை கழுத்தை அறுக்கும். பிள்ளையை உயர்த்தி உட்கார வைத்து பெல்ட்டைத் தொடைமேலும் தோள் நடுவிலும் கொண்டுவருவதற்காக வந்ததுதான் பூஸ்டர் என்ற உயர இருக்கை. ஐரோப்பாவில் 150 சென்டிமீட்டர் உயரம்வரை இது பொது விதி. அதை 135 ஆகக் குறைத்துக்கொள்ள நாடுகளுக்கு அனுமதி உண்டு.

இனி என் கைக்குப் பழகிய இடத்துக்கு வருகிறேன். குழந்தை சீட்டை வண்டியோடு சேர்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, வண்டியில் இருக்கும் பெல்ட்டையே சீட்டின் உடம்பில் உள்ள வழியில் கோத்து இறுக்குவது. பழைய ஐரோப்பிய விதியின்படி செய்த சீட்டுகளில், பின்னோக்கி மாட்டும்போது பெல்ட் போக வேண்டிய வழி நீல நிறத்திலும், முன்னோக்கி மாட்டும்போது போக வேண்டிய வழி சிவப்பு நிறத்திலும் குறித்திருக்கும். நீலத்தில் போக வேண்டியதைச் சிவப்பில் விட்டால், பார்வைக்கு இறுக்கமாக இருந்தாலும் மோதலில் சீட் திரும்பிவிடும். பெல்ட் சுருளும் பெட்டி திடீர் இழுப்புக்குத்தான் பூட்டிக்கொள்ளும், மெதுவாக இழுத்தால் விட்டுக்கொடுக்கும். ஆகையால் மாட்டும்போது தளர்ச்சி மிச்சமிருந்தால், மோதலில் சீட் அந்தத் தளர்ச்சி அளவுக்கு முதலில் பறந்து, பிறகுதான் நிற்கும். முழங்காலை சீட்டுக்குள் ஊன்றி மெத்தையை அமுக்கிக்கொண்டு பெல்ட்டை இழுத்து இறுக்க வேண்டும். பிறகு பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டினால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. அமெரிக்காவில் 2011இல் நடத்திய ஆய்வில், பயன்பாட்டில் இருந்த சீட்டுகளில் 46 சதவீதம் ஏதாவது ஒரு முக்கியத் தவறோடு மாட்டியிருந்தது தெரிந்தது. படித்தவர்கள் நிறைந்த, சட்டம் பழகிய நாட்டில் அந்த நிலை. தவறு நேர்வது பெற்றோரின் அலட்சியத்தால் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. பெல்ட்டைக் கோப்பது நிஜமாகவே கடினமான வேலை.

அந்தக் கடினத்தைக் குறைக்க வந்ததுதான் இரண்டாவது வழியான ஐசோஃபிக்ஸ். 1990களில் ஃபோக்ஸ்வாகனும் பிரிட்டாக்ஸ் ரோமரும் சேர்ந்து உருவாக்கி, 1999இல் அது உலகத் தரமாக ஆனது. சீட்டின் அடியிலிருந்து நீளும் இரண்டு கைகளும் நான் சொன்ன கம்பிகளைக் கவ்விக்கொள்ளும். கவ்வியது என்பதற்குப் பச்சை அடையாளம் தெரியும். ஆனால் அடியில் இரண்டு பிடி மட்டும் இருந்தால் மோதலில் சீட் அந்த அச்சில் முன்னே கவிழப் பார்க்கும். மூன்றாவது பிடி ஒன்று வேண்டும். சீட்டின் தலைப் பகுதியிலிருந்து பின்னால் போய் மாட்டும் மேல்பட்டை, இல்லையென்றால் வண்டியின் தரையில் ஊன்றும் கால். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மேல்பட்டைக்கான கொக்கி டிக்கி உள்ள கார்களில் பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பலகையில் மூடிக்குள் இருக்கும். டிக்கி இல்லாத சிறு கார்களில் இருக்கை முதுகின் பின்புறத்திலோ சாமான் வைக்கும் தரையிலோ இருக்கும். பை மாட்டுவதற்கான கொக்கியும் பக்கத்திலேயே இருக்கலாம். நங்கூரக் குறி இருப்பதே குழந்தை சீட்டுக்கானது. பை கொக்கியில் மாட்டினால் அது மோதலில் பிய்ந்து வரும். ஐசோஃபிக்ஸ் இல்லாத வண்டியில் குழந்தை சீட் வீண் என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியன்று. முறையாக இறுக்கிய பெல்ட்டும் நல்ல பிடிதான். ஐசோஃபிக்ஸின் சிறப்பு, தவறு செய்ய இடம் குறைவு என்பதில் இருக்கிறது. ஆனால் சில சீட்டுகள் ஐசோஃபிக்ஸில் மட்டுமே மாட்டக்கூடியவை. வாங்குமுன் வண்டியின் இடுக்கில் கையை விட்டுப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

சேருமிடம் இவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு, மோதல் சோதனை நடத்துகிறவர்களின் மதிப்பெண் முறையே பதில். 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கும் ஐந்து கார்களை மோதிப் பார்த்து, பெரியவர் பாதுகாப்பில் ஐந்துக்கும் சுழி நட்சத்திரம் கொடுத்தது. 2018 இறுதியில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2023 அக்டோபர் 1 முதல் பாரத் என்கேப் என்ற நம் நாட்டுத் திட்டமே நடக்கிறது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோதும் காரின் பின் இருக்கையில், ஒன்றரை வயது, மூன்று வயது அளவுள்ள இரண்டு பொம்மைகள் குழந்தை சீட்டில் உட்கார்ந்திருக்கும். குழந்தைப் பாதுகாப்புக்கு மொத்தம் 49 மதிப்பெண். மோதலில் பொம்மைக்கு என்ன ஆனது என்பதற்கு 24. வெவ்வேறு குழந்தை சீட்டுகளை அந்த வண்டியில் சரியாக மாட்ட முடிகிறதா என்பதற்கு 12. அதற்கான வசதிகள் வண்டியில் உள்ளனவா என்பதற்கு 13. பாதிக்கு மேற்பட்ட மதிப்பெண், மோதலுக்கு முன்பே, மாட்டும் இடத்தில் தீர்மானமாகிவிடுகிறது. வண்டியின் விளம்பரத்தில் நட்சத்திரத்தைப் பார்த்து வாங்குகிறவர், அந்த நட்சத்திரம் குழந்தை சீட் பூட்டிய வண்டிக்குக் கிடைத்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மடியில் பிள்ளை இருக்கும் வண்டிக்கு அந்த நட்சத்திரம் பொருந்தாது.

இந்த இடத்தில் என் தொழிலின் குறைகளை நானே சொல்வதுதான் முறை. முதலாவது, கம்பியை மூடி உறை தைப்பது. இரண்டாவது, மெத்தை புசுபுசுவென்று இருக்க வேண்டும் என்று ரெக்ஸினுக்கு அடியில் கூடுதல் ஃபோம் வைப்பது. குழந்தை சீட்டை அதன்மேல் இறுக்கிக் கட்டினாலும், மோதலில் ஃபோம் அமுங்கும்போது பெல்ட்டில் தளர்ச்சி வந்துவிடும். மூன்றாவது, மெத்தையைத் திரும்ப மாட்டும்போது பெல்ட் பக்கிள்கள் அடியில் சிக்கிக்கொள்வது. பின்னால் யாரும் பெல்ட் போடுவதில்லை என்று அதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. பழைய வண்டிகள் பலவற்றில் பக்கிள்கள் மெத்தைக்கு அடியிலேயே கிடக்கின்றன. நான்காவது, தரையில் கனமான மேட்டிங் போடுவது. ஊன்றுகால் உள்ள சீட் அந்த மெத்தென்ற பரப்பில் ஊன்றினால் முதலில் அது அமுங்கும், பிறகுதான் கால் பிடிக்கும். ஐந்தாவது, பக்கவாட்டுக் காற்றுப்பை உள்ள முன் இருக்கைக்கு, அது பிரிந்து வரத் தையல் விடாமல் உறை போடுவது. பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணியை நிறுத்த, பக்கிளில் சொருகும் போலி நாக்கை விற்பது இன்னொரு குறை. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நடவடிக்கை எடுத்து, இணையக் கடைகளிலிருந்து இப்படிப்பட்ட 13,118 விற்பனைப் பதிவுகளை நீக்க வைத்தது. கடைத்தெருவில் உள்ளவர்களுக்கும் அதே நெறிதான். அழகுக்கும் சொகுசுக்கும் காசு வாங்குகிற தொழில் இது, ஒப்புக்கொள்கிறேன். அந்த அழகு உயிர்ப்பிடியைத் தின்னக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயது நிரம்பாத குழந்தையைப் பெல்ட்டோ குழந்தைக்கான காப்பிருக்கையோ போடாமல் வண்டியில் ஏற்றிச் செல்வதற்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. குழந்தை சீட்டுக்கான தரத்துக்கு ஏ.ஐ.எஸ். 072 என்ற நம் நாட்டு அளவுகோலும் உண்டு. இருசக்கர வண்டியில் 4 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை ஓட்டுநரோடு பட்டையால் இணைக்க வேண்டும், தலைக்கவசம் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 பிப்ரவரியில் விதி வந்து, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. விதிக்குக் குறைவில்லை. ஆனால் 194பி பிரிவு எந்த வயதுக்கு எது என்று பிரித்துச் சொல்லவில்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர் பெல்ட்டைப் போட்டாலும் சட்டம் நிறைவேறியதாகிவிடும், பிள்ளையின் வயிறு மட்டும் காப்பாகாது. அபராதத்துக்குப் பயந்து மாட்டும் சீட் சோதனைச் சாவடி தாண்டியதும் தளர்ந்துவிடும். ஆகவே சட்டத்தை நம்பி இருப்பதைவிட, மாட்டத் தெரிந்த கைகளை ஊரில் பெருக்குவதையே நான் நம்புகிறேன்.

இங்கே என்ன பெரிய வேகம், கம்பம் 10 கிலோமீட்டர், சின்னமனூர் பக்கத்தில் என்ற பேச்சு அடுத்து வரும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேக மோதலும் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மாடியிலிருந்து விழுந்த பிள்ளையைப் பற்றி நாம் எப்படிப் பதறுவோம்? அது அந்த உயரம்தான். நம் சாலையும் மெதுவான சாலையாக இல்லை. தேனியிலிருந்து குமுளி வழியாகக் கேரளம் போகும் 183ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்தப் பள்ளத்தாக்கின் முதுகெலும்பு. காய்கறி லாரி, திராட்சை ஏற்றிய வண்டி, ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப், சபரிமலைப் பருவத்தில் இரவெல்லாம் ஓடும் பக்தர் வண்டிகள் எல்லாம் அதில்தான். புறவழிச் சாலைகள் வந்தபின் வேகமும் கூடியிருக்கிறது. 2022 டிசம்பரில் சபரிமலை சென்று திரும்பிய ஆண்டிபட்டிப் பக்கத்தவர்கள் 8 பேரைக் குமுளி மலைச்சாலை ஒரே இரவில் கொண்டுபோனது. ஊர் அதை மறக்கவில்லை. அதே ஆண்டு நாடு முழுவதும் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்குக் காட்டியது. அதில் ஓட்டுநர்கள் 8,384, உடன் வந்தவர்கள் 8,331. ஓட்டாமல் உட்கார்ந்து வந்தவர்கள் ஏறக்குறைய பாதி. ஓட்டாதவருக்குப் பெல்ட் வேண்டாம் என்ற எண்ணத்தின் விலை அது.

குடும்பம் பெரிது, ஒரு காரில் ஏழு பேர் போகிறோம், குழந்தை சீட்டுக்கு இடம் எங்கே என்று கேட்பார்கள். வீரபாண்டித் திருவிழாவுக்கோ ஒரு காதுகுத்துக்கோ போகும்போது இந்தக் கேள்வி உண்மையானது, அதை நான் லேசாக எண்ணவில்லை. ஐந்து பேருக்கான வண்டியில் ஐந்து பெல்ட்தான் உண்டு. ஆறாவது ஆளும் ஏழாவது ஆளும் மோதலில் மற்றவர்கள்மேல் விழும் எடைகள். இரண்டு பெரியவர்கள் பஸ்ஸில் வரட்டும், பிள்ளை தன் இருக்கையில் வரட்டும் என்று முடிவெடுப்பதுதான் நேர்மையான வழி. பின்புறம் பக்கவாட்டில் உட்காரும் பலகை இருக்கைகள் உள்ள ஜீப் வகை வண்டிகளில், அந்தப் பலகையில் குழந்தை சீட்டை மாட்டவே கூடாது. முன்பார்த்த நடு வரிசையில்தான் மாட்ட வேண்டும். முன் இருக்கையில் காற்றுப்பை இயங்கும் நிலையில் பின்னோக்கிய சீட்டை வைப்பது எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் வெடித்து விரியும் பை நேரே சீட்டின் முதுகில், குழந்தையின் தலைக்குப் பின்னால் அடிக்கும். பிள்ளை அழுகிறது என்பது இன்னொரு மறுப்பு. முதல் நாளிலிருந்து சீட்டிலேயே வரும் பிள்ளைக்கு அதுதான் வண்டி. இரண்டு வயதில் திடீரென்று கட்டினால்தான் அழுகை. வெயில் காலத்தில் நிழலில் நிறுத்தி, பக்கிளின் இரும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளையை வைத்தால் போதும். நெடுந்தூரப் பயணத்தில் இடையில் நிறுத்தி எடுத்துத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். ஓடும் வண்டியில் எடுப்பதுதான் கூடாது.

பணம் பற்றியும் பேச வேண்டும். குழந்தை சீட் ஐந்தாறாயிரம் ரூபாயிலிருந்து கிடைக்கிறது. ஏழைக்கு அது பெரிய தொகை. ஆனால் கார் வைத்திருக்கும் வீடு வேறு எதற்கெல்லாம் செலவு செய்கிறது என்பதைப் பார்க்கிற இடத்தில் நான் இருக்கிறேன். உறைக்கும் ஸ்பீக்கருக்கும் சக்கர அலங்காரத்துக்கும் அதைவிடக் கூடுதலாகவே செலவாகிறது. நம் பக்கத்தில் தாய்மாமன் சீர் என்பது எவ்வளவு பெரிய மரியாதை என்று சொல்லத் தேவையில்லை. தொட்டில், வெள்ளிக் கொலுசு, நடைவண்டி என்று தட்டு வரிசை போகிறது. மருமகனோ மருமகளோ பிறந்த வீட்டில் கார் இருந்தால், அந்தத் தட்டு வரிசையில் ஒரு குழந்தை சீட்டும் போகட்டும். கானாவிலக்கு மருத்துவமனையிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வரும் முதல் பயணத்துக்கே அது தயாராக இருக்கட்டும். பழைய சீட்டை வாங்கித் தருவதாக இருந்தால் இரண்டைப் பார்க்க வேண்டும். விபத்தில் பட்ட சீட், வெளியே கீறல் இல்லாவிட்டாலும் வேண்டாம், அதன் ஓடு உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். தயாரிப்பாளர் குறித்த காலம் கடந்ததும் வேண்டாம், வெயிலில் நிற்கும் காரில் பிளாஸ்டிக் சீக்கிரம் நொய்ந்துபோகும். வட்டத்துக்குள் இ எழுத்துள்ள ஆரஞ்சு நிற லேபிள் ஒட்டியிருந்தால் ஐரோப்பிய விதியின்படி சோதித்தது என்று பொருள். தரக்குறி எதுவும் இல்லாத சீட், நாற்காலி மட்டுமே.

கார் இல்லாதவர்களுக்கு இந்தக் கட்டுரை எதுவும் தரவில்லை என்பதை நான் அறிவேன். விடியற்காலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு கம்பம்மெட்டு ஏறும் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கும், ஆட்டோவில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் ஐசோஃபிக்ஸ் கம்பி கிடையாது. அவர்களுக்கு வேண்டியது அளவாக ஆள் ஏற்றும் வண்டியும், ஒழுங்காக ஓடும் பஸ்ஸும். அதைக் கேட்பது தனிப் போராட்டம். ஆனால் எல்லோருக்கும் தர முடியவில்லை என்பதற்காக, தரக்கூடிய இடத்தில் தராமல் இருப்பதற்கு நியாயம் இல்லை. கம்பி ஏற்கெனவே வண்டியில் இருக்கிறது. அதற்கான காசை வண்டிக்காரர் விலையோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். அதை அவருக்குக் காட்டாமல் மூடி வைப்பதுதான் தவறு.

எங்கள் தொழிலில் இருப்பவர்கள் செய்யக்கூடியது சிறிய வேலை. உறையை வெட்டும்போதே கம்பி வரும் இடங்களில் விரல் அகலத்துக்குத் திறப்பு விட்டு, ஓரத்தை மடித்துத் தைத்துவிடலாம். மேல்பட்டைக் கொக்கி இருக்கும் இடத்தை மறைக்காமல் விடலாம். மெத்தையைத் திரும்ப மாட்டுமுன் மூன்று பக்கிள்களையும் மேலே எடுத்து, ஒவ்வொன்றிலும் நாக்கைச் செருகி, வெடுக்கென்று இழுத்துப் பூட்டுகிறதா என்று பார்க்கலாம். வீட்டில் சிறுபிள்ளை உண்டா என்று கேட்டு, உண்டு என்றால் கூடுதல் ஃபோம் வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லலாம். எல்லாம் சேர்ந்தாலும் அரை மணி நேரக் கூடுதல் வேலை. கடைசியில் வண்டியை ஒப்படைக்கும்போது, பிள்ளையின் தாயையோ தகப்பனையோ பின்கதவுப் பக்கம் அழைத்து, அவர்கள் விரலை அந்த இடுக்கில் விட்டுக் கம்பியைத் தொட வைக்க வேண்டும். தூளிச் சேலையைப் பிடித்து இழுத்துப் பார்த்துப் பழகிய கை அது. தொட்ட பிறகு, எதில் கட்டுவது, எவ்வளவு இறுக்குவது என்று அந்தக் கையே கேட்கத் தொடங்கும்.